வைத்திருப்பவர்

ஆனக்கரையில் தங்கச்சன் ஏலக்காய் ஸ்டோரை மூடியபோது
தராசும் ட்ரையரும் எடைக்குப் போயின.
வருகைப்பதிவு மெஷினை நான் எடுத்துக்கொண்டேன்,
எனக்கு வரவேண்டிய சர்வீஸ் பாக்கிக்கு.
பழைய லுங்கியில் சுற்றி, பைக் பெட்டியில் போட்டு
கம்பம்மெட்டு இறங்கினேன்.
செக்போஸ்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
கஞ்சா இருக்கிறதா, காய் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.
விரல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.
நானூற்று முப்பத்தெட்டுப் பேர்
லுங்கிக்குள் மலையிறங்கினார்கள்.

கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு விற்றேன்.
பழசு என்று சொல்லித்தான் விற்றேன்.
கண்ணாடியைத் துடைத்தேன், மணியைச் சரிசெய்தேன்.
உள்ளே இருப்பதைத் துடைக்க மறந்தேன்.
சாப்பாட்டு நேரம், முதலாளி பறந்தார்
என்பதெல்லாம் பிறகு நானே சேர்த்துக்கொண்டது.

புதிதாக வேலைக்கு வந்த ஆறு பேரில்
மூன்றாவதாக நின்றவள் ஒச்சம்மா.
நான் மெனுவைத் திறக்கும் முன்னே
அவசரமாக விரலை வைத்துவிட்டாள்.
"நன்னி" என்றது மெஷின், மலையாளத்தில்.
0217. அவள் பெயர், இனிஷியலோடு.

முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதுக்கு முன்னாடி எங்கயும் வேல பாக்கலேன்ன?"

அவள் விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்,
வைத்ததைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பதுபோல.

மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்:
"காயெடுத்த கையி, கறையேறிப் போயிருக்கும்.
நாலு தடவ தொடச்சு வெச்சாலும்
ஆளு தெரியலம்பா இந்த மகராசி.
தெரியாத நாளுக்கெல்லாம் அரைநாள் கூலி.
ஏன்னு கேட்டேன். மறுநா ஜீப்புல எனக்கு எடமில்ல.
இப்ப மட்டும் எப்பிடித் தெரியுது?"

எனக்குப் பதில் தெரியும்.
நாலு மாதம் சும்மா இருந்தாள். தோல் வளர்ந்துவிட்டது.
வேலை இல்லாத விரலைத்தான் இது நன்றாகப் படிக்கும்.
சொல்லவில்லை.

அன்று இரவு டீலர் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்தது.
சட்ட முன்வடிவாம், பதினோரு பக்கம்.
அந்தப் பக்கத்து அரசா, இந்தப் பக்கத்து அரசா,
அனுப்பியவருக்கே தெரியவில்லை;
முதல் பக்கம் ஸ்கேனில் விழவில்லை.
ரேகை, கருவிழி, முகம், குரல் எடுக்கும் எந்த நிறுவனமும்
எதற்கென்று எழுதித் தரவேண்டும், கையெழுத்து வாங்கவேண்டும்,
ஆள் விலகினால் அழிக்கவேண்டும், விற்கக் கூடாது.
"கையெழுத்துத் தெரியாதவங்க கைநாட்டு வெச்சாப் போதுமா?"
என்று ஒருவன் கேட்டு, சிரிப்பு பொம்மை போட்டான்.
நானும் போட்டேன்.
எட்டாம் பக்கத்தில் நின்றேன்.
'வைத்திருப்பவர்' என்ற சொல் முதலாளியை மட்டுமின்றி
பழுதுபார்ப்பவரையும், கைமாற்றுபவரையும்,
நகல் உடையவரையும் குறிக்கும்.

காலையில் கடைக்குப் போனேன்.
ஒச்சம்மாவைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்,
பொய் சொன்னதற்கு மாதம் ஐந்நூறு குறைத்து.
எல்லாவற்றையும் அழிக்கிற இடத்துக்கு வந்தேன்.
உறுதியா என்று கேட்டது. மறுபடி கேட்டது.
"நான் அமுக்குறேன்" என்றாள்.
நைட்டித் துணி மடித்துக்கொண்டிருந்த கையால்
அமுக்கினாள்.
நானூற்று முப்பத்தெட்டு, பூஜ்யம்.
திரை கொஞ்சம் இருண்டு வெளுத்தது.

"வேற எங்கயும் இல்லைல்ல?"

தோளில் பை. பைக்குள் லேப்டாப்.
ஆனக்கரை, புற்றடி, வண்டன்மேடு,
ஆறு வருடத்துச் சனிக்கிழமைகளில்
ஸ்டோர் ஸ்டோராக எடுத்துவைத்த நகல்.
மெஷின் கெட்டால் ஆளைத் திரும்ப ஏற்ற வேண்டுமே.

"இல்ல" என்றேன்.

குமுளி ரோட்டில் பெட்ரோலுக்கு நின்றேன்.
பை கனத்தது என்று எழுதினால் பொய்.
ஒன்றரைக் கிலோ, சார்ஜரோடு.
எப்போதும் உள்ள எடைதான்.